உப்பளத்துச் சாம்பல் சிறகு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்து முத்தையாபுரத்தைத் தாண்டியதும் சாலையோரம் உப்பளங்கள் விரிகின்றன. வெள்ளை வெயில், வெள்ளை உப்பு. கண் கூச, முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அம்பாரமாய்க் குவித்த உப்பு தெரிகிறது. வாருபலகையோடு நிற்கும் தொழிலாளி தெரிகிறார். பாத்தியின் ஓரத்தில் நாலடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடுகிற கைப்பிடியளவு உயிர் மட்டும் நம் கண்ணில் படுவதில்லை. இமயத்துக்கு அப்பால், நாலாயிரம் மீட்டருக்கும் மேலே, மரமே முளைக்காத திபெத்தியப் பீடபூமியில் கண்விழித்து, மலைமுகடுகளைக் கடந்து, நம் மன்னார் வளைகுடாவுக்கு விருந்தாளியாக வந்த உயிராக அது இருக்கக்கூடும்.

கேமரா வந்தது நல்லதாயிற்று. குளிர்காலம் பிறந்தால் நீண்ட லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்புகளில் நடக்கும் இளைஞர்களை இப்போது பார்க்க முடிகிறது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் வீடு திரும்பிப் படத்தைத் திரையில் விரித்த பிறகுதான் உண்மையான தரிசனம் தொடங்குகிறது. மேலே சாம்பல் படிந்த பழுப்பு, கீழே வெண்மை, கண்ணையொட்டிக் கருநிழல், கறுப்பு அலகு. மணல் உப்புக்கொத்தி என்று சொல்லிவிடலாம். எந்த மணல் உப்புக்கொத்தி? சிறியதா, பெரியதா?

தனியே நிற்கும் பறவையின் அளவைப் படம் சொல்லாது. ஆகவே அலகைப் பார்க்க வேண்டும். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தை அளந்து, அதை அலகின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். அலகு அதைத் தாண்டி நீண்டு, தடித்தும் இருந்தால் பெரியது. ஏறக்குறைய அதற்குள் அடங்கினால் சிறியது. பெரியதன் கால்கள் நீண்டவை, பச்சையோடிய வெளிர்நிறம் கொண்டவை. சிறியதன் கால்கள் கறுத்தவை. பறக்கும்போது பெரியதன் பாதம் வால்நுனிக்கு வெளியே எட்டிப்பார்க்கும். அவ்வளவுதான் வேறுபாடு, சில மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டருக்குள் இரண்டு வாழ்க்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மத்திய ஆசியாவின் வறண்ட பாலைவெளிகளில் பிறந்து, வலுத்த அலகால் சிறு நண்டுகளையும் வசப்படுத்துவது. மற்றது மலைநாட்டுப் பிள்ளை. போதாக்குறைக்கு, சிறியது என்று ஒரே இனமாக எண்ணி வந்ததை, மரபணுக்களை ஆராய்ந்த பின் அண்மையில் சைபீரிய இனம், திபெத்திய இனம் என்று இரண்டாகவும் பிரித்துவிட்டார்கள். சாம்பல் நிறப் பறவை என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போனதற்குள் எத்தனை வகுப்புகள்!

உப்பளத்து வெளிச்சமோ இந்தச் சோதனையை இன்னும் கடினமாக்குகிறது. வேறிடங்களில் வெயில் மேலிருந்து விழும். இங்கே கீழிருந்தும் எழும். பாத்தியின் வெண்மை பறவையின் வயிற்றுக்கு ஒளியூட்டி, இருக்க வேண்டிய நிழலை அழித்துவிடுகிறது. உப்பு முதிரும் பாத்திகளில் உவர்ப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி நீரைச் செந்நிறமாக்குகின்றன. அந்தச் சிவப்பு ஏறி, வெள்ளை மார்பும் படத்தில் இளஞ்சிவப்பாகத் தோன்றும். கரிய கால்கள் காய்ந்த சேறும் உப்பும் பூசி வெளுத்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் கானல் எழுந்துவிட்டால், எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸானாலும் அலகின் விளிம்பு நெளியும். வெயிலுக்கு முதுகு காட்டி, அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் பறவையிடம் அளவுகோலுக்கு என்ன வேலை?

அப்போது இறகைப் படிக்க வேண்டியிருக்கிறது. திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், சாம்பல் என்று நாம் சொன்ன முதுகு தனித்தனி இறகுகளாகப் பிரிகிறது. கூரையில் ஓடு வேய்ந்தவன் கை தவறியிருக்கலாம்; இந்த அடுக்கில் தவறில்லை. இளம்பறவையானால் இறகுக்கு இறகு வெளிறிய விளிம்பு கட்டியிருக்கும். இறகைக் கருமையாக்கும் நிறமியே அதற்கு உறுதியையும் தருகிறது. நிறமி குறைந்த வெளிர் விளிம்பு முதலில் தேய்ந்து போகும். அதனால் செப்டம்பரில் விளிம்பு கட்டிய முதுகோடு வந்த குஞ்சு, தை பிறப்பதற்குள் சாயம் போன வேறொரு பறவையாகத் தெரிகிறது. கடற்காகங்களின் இறக்கை நுனி கறுப்பாக இருப்பதையும் கவனித்திருப்போம். காற்றின் உராய்வு மிகுதியாகப் படும் அந்த இடத்தில்தான் நிறமி செறிந்திருக்கிறது. அழகுக்கென்று நாம் நினைத்தது அங்கே காவலுக்கு நிற்கிறது.

இன்னும் கொஞ்சம் தள்ளி, ஈரச் சேற்றில் வளைமூக்கு உள்ளான் தையல் ஊசிபோல அலகை இறக்கி இறக்கி எடுக்கிறது. உப்புக்கொத்தி பெரிய கண்ணால் இரை தேடுவது. ஆகவே ஓடி, நின்று, பார்க்கிறது. உள்ளானுக்கோ அலகின் நுனியே கண். அந்த நுனி எலும்பில் நுண்குழிகள் நிறைந்து, அவற்றுள் உணர்நரம்புகள் பொதிந்திருக்கின்றன. சேற்றுக்குள் புழுவைத் தொட்டதும், அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து பற்றவும் அதற்கு முடியும். ஒரே பாத்தியில், ஒரே வேளையில், ஒருவர் பங்கில் மற்றவர் அதிகம் கைவைக்காமல் எல்லாருக்கும் சாப்பாடு நடக்கிறது. மங்கலான படத்தில் அலகும் காலும் கைவிட்டாலும், அடுத்தடுத்து எடுத்த நாலு படங்களில் அது எப்படி மேய்ந்தது என்பது பதிவாகியிருந்தால், பாதி அடையாளம் கிடைத்த மாதிரி.

இவர்களிடையே கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. நாலைந்து ஐந்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்தால் என்ன கனமோ அவ்வளவுதான் அதன் உடல். ஆர்க்டிக்கின் தூந்திர வெளியில் பிறந்து இங்கே வருகிறது. அந்த உடலுக்குள் இதயம், திசையறிவு, வழிச்செலவுக்கான கொழுப்பு எல்லாம் அடங்கியிருக்கின்றன.

துறைமுகத்துப் பக்கம் போனால் வேறு புதிர். கொண்டை ஆலாக்களில் பெரியதன் அலகு எலுமிச்சை மஞ்சள், சிறியதன் அலகு ஆரஞ்சு. நேரில் எளிது. மாலைச் சூரியன் மஞ்சளை ஆரஞ்சாக்கிவிடும். கேமராவும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும். அமெரிக்கக் கரைகளிலும் இதே பாடுதான். அங்கே மேற்கத்திய உள்ளானையும் அரைச்சவ்வு விரல் உள்ளானையும் குளிர்காலப் படத்தில் பிரித்தறிய அலகின் நீளத்தையும் நுனியின் வளைவையும் வைத்துப் பழுத்த கண்களே தடுமாறுகின்றன. இரண்டிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அலகு நீளம்; ஓர் இனத்தின் பெண் மற்றதன் ஆணை நெருங்கிவிடுகிறது.

இந்தக் கரைக்கு உற்றுப்பார்ப்பது புதிதல்ல. 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்து, பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணிமுத்தைத் தனியே எடுத்துவைத்த வியாபாரிகள் இங்கே இருந்தார்கள். ஐயம் இருந்தால் தரம் சொல்லாமல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும் பொறுமை அந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்டது. பறவைப் பட்டியலிடும் ஈபேர்ட் தளத்திலும் அந்தப் பொறுமைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். மணல் உப்புக்கொத்தியில் எதுவென்று தெளியவில்லையானால் இரண்டில் ஒன்று என்றே பதிந்துகொள்ளலாம். மெர்லின் போன்ற செயலி நொடியில் ஒரு பெயரை நீட்டுகிறது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. ஆனாலும் அலகு மறைந்த படத்துக்குப் பெயர் சூட்டத் துடிப்பதைவிட, தெரியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த நாள் மறுபடி வரப்பேறுவது அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை என்றே எனக்குப் படுகிறது. பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவது நம் சுபாவம்.

குளிர்காலம் முடிந்து வெயில் ஏற ஏற, சாம்பல் உடைகள் கழலத் தொடங்கும். மார்பில் செம்பழுப்புப் பட்டை பரவும். முகத்தில் கறுப்பு அழுத்தமாகும். அப்போது எடுத்த படம் குளிர்காலத்துப் படத்தைவிட எவ்வளவோ இணக்கமாகப் பேசும். பட்டையின் அகலத்தையும் நிறத்தின் ஆழத்தையும் பார்த்தே பல நேரம் இன்னது என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்லும் அளவுக்கு நிறம் ஏறியவர்களுக்கு நேரமில்லை. அவர்கள் வடக்கே கிளம்பிவிடுகிறார்கள். அளத்தில் உப்பு வாருவது மும்முரமாகும் ஆனி வெயிலிலும் தங்கிவிடுபவை பெரும்பாலும் முந்தைய ஆண்டின் குஞ்சுகள். இன்னும் இனம் பெருக்கும் வயது வராததால் அவற்றுக்கு ஊர் திரும்பும் அவசரமில்லை. சிறகு தேய்ந்து, விளிம்பு உதிர்ந்து, மார்பில் பட்டை ஏறாமல் நிற்கும் அவற்றின் படங்கள்தான் ஆண்டிலேயே கடினமானவை.