பழைய கைப்பேசியும் புதிய செயலியும்

கைப்பேசியை உள்ளிருந்து நடத்தும் அடிப்படை மென்பொருளை இயக்கமுறைமை என்பர். ஆண்டுதோறும் அதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. மக்களின் கைப்பேசிகளோ ஆண்டுதோறும் மாறுவதில்லை. கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடிகள் போன்ற குடியிருப்புகளில், மூத்தவர் வைத்திருந்த கைப்பேசி இளையவர் கைக்கு மாறி, மேலும் பல்லாண்டு உழைப்பதுண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதியாகும் கைப்பேசியின் விலையும் அதனோடு ஏறவே, பழையதை வைத்துக்கொள்ளுதல் பலருக்குக் கட்டாயமாயிற்று.

இந்நிலையில், செயலி ஒன்றை ஆக்குவோர் எவ்வளவு பழைய பதிப்பு வரை அஃது இயங்க வேண்டும் என்பதை எங்ஙனம் தீர்மானிப்பது?

பழையவற்றை விலக்கத் தக்க காரணங்கள் உள. ஒவ்வொரு பதிப்பிலும் செயலியைத் தனித்தனியே சோதித்தல் வேண்டும். அதற்குக் காலமும் பொருளும் செலவாகும். அதனினும் பெரிது பாதுகாப்பு. பழுது நீக்கும் திருத்தங்கள் நின்றுபோன இயக்கமுறைமையில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாப் பெட்டியிற் பணம் வைப்பதை ஒக்கும். 2013இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்புக்கான பிளே சேவைகளின் புதுப்பித்தலைக் கூகுள் நிறுவனம் 2023இல் நிறுத்தியது. 2025 மே மாதத்தில் ஐபோன் 5எஸ், ஐபோன் 6 ஆகியவற்றை வாட்ஸ்அப் கைவிட்டது.

எனினும், பழைய பதிப்பினர் மிகச் சிலரே என்று காட்டும் கணக்கை ஆராயாது ஏற்றல் ஆகாது. செயலியை நிறுவ இயலாதவர் அதன் பயனாளர் கணக்கில் இடம்பெறார். அன்றியும், விளையாட்டுச் செயலியை இழப்பவர் பொழுதுபோக்கொன்றை இழப்பர். இன்றியமையாச் சேவையை இழப்பவர் அன்றாட வாழ்வையே இழப்பர்.

2022 ஜூலையில் இலங்கையில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறை இங்கு நல்ல சான்றாகும். வாகன உரிமையாளர் இணையத்தளத்திற் பதிவு செய்து கியூஆர் குறியீட்டைப் பெற்றனர். அதனைக் கைப்பேசியிலும் காட்டலாம். தாளில் அச்சிட்டும் காட்டலாம். குறியீட்டை வாசிக்கும் செயலி எரிபொருள் நிலையத்தார் கைப்பேசியில் இருந்தாற் போதும். ஆகவே, முச்சக்கரவண்டி ஓட்டுநரின் கைப்பேசி எத்துணைப் பழையதாயினும், எரிபொருள் பெறுவதற்கு அது தடையாகவில்லை.

செயலி ஆக்குவோர் கொள்ளத்தக்க நெறி இதனால் விளங்கும். பாதுகாப்புக் கருதிப் பழைய பதிப்பை விலக்க நேரின், முன்னதாக அறிவித்தல் வேண்டும்; குறுஞ்செய்தி, எளிய இணையப்பக்கம், அச்சிட்ட தாள் ஆகியவற்றுள் ஒன்றன் வழியே அச்சேவையைத் தொடர்ந்து கிடைக்கச் செய்தலும் வேண்டும். அவ்வழியை அமைத்த பின்னரே விலக்குதல் முறையாகும்.