உயர்ந்த பெட்ரோலா? உகந்த பெட்ரோலா?

மூன்று பொத்தான்கள்! 87 என்று ஒன்று. 89 என்று ஒன்று. 93 என்று ஒன்று. அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரத்துப் பெட்ரோல் பங்கிலே, இரவு ஷிப்டு முடித்து வந்து நிற்கும் ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! கையிலே குழாய், பக்கத்திலே கார். சந்தைக்குப் போய் வரும் சாதாரணக் கார் அல்ல. சாலையிலே சீறிப் பாய்வதற்கென்றே செய்யப்பட்ட மஸ்டாங்! மாதாமாதம் தவணை கட்டி, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி வாங்கிய வண்டி. பெட்ரோலை ஊற்றித் தர அங்கே பெரும்பாலும் ஆள் கிடையாது. பொத்தானை அவனேதான் அமுக்க வேண்டும். எதை அமுக்குவான்?

87 எண்ணுக்குப் பெயர் "ரெகுலர்". வழக்கமானது என்று பொருள். 93 எண்ணுக்குப் பெயர் "பிரிமியம்". மேலானது என்று பொருள். பெயர் வைத்தபோதே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது! "என் வண்டியோ உயர்ந்த வண்டி, அதற்குத் தாழ்ந்த பெட்ரோலையா ஊற்றுவது?" என்று அவன் உள்ளம் கேட்கிறது. விரல் 93 மீது விழுகிறது. பணம் போகிறது.

போகட்டும், பணம் போனால் பயன் வரவேண்டுமே! வருகிறதா? அதைத்தான் இங்கே கணக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. 87, 93 என்கிறார்களே, அது எதன் அளவு? சக்தியின் அளவா? இல்லை. சுத்தத்தின் அளவா? அதுவும் இல்லை. ஒரு காலன் ரெகுலரில் அடங்கியிருக்கும் ஆற்றலும், ஒரு காலன் பிரிமியத்தில் அடங்கியிருக்கும் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் அந்த எண் எதைக் காட்டுகிறது? பொறுமையைக் காட்டுகிறது, தோழர்களே! அமுக்கினாலும், சூடேற்றினாலும், பொறி வந்து பற்றவைக்கும் வரை தானாக வெடிக்காமல் காத்திருக்கும் பொறுமை. அதற்குத்தான் "ஆக்டேன் எண்" என்று பெயர்.

கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கொல்லர் சிறு சுத்தியலால் தட்டி இடம் காட்டுவார். சம்மட்டிக்காரர் அந்த இடத்தில், அந்த நொடியில் ஓங்கி அடிப்பார். அடி விழும், இரும்பு வளையும். சம்மட்டிக்காரர் அவசரப்பட்டு, கொல்லர் கை விலகுமுன் அடித்தால் என்ன ஆகும்? வேலையும் கெடும், கையும் முறியும். எஞ்சினிலும் அதுதான் கதை. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் பொறியைக் காட்டுகிறது. தீ பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, வண்டி ஓடுகிறது. ஆனால், தீ வந்து சேருமுன்பே கலவையின் ஒரு மூலை தானாக வெடித்துவிட்டால், "டக், டக்" என்று ஒரு தட்டல் ஒலி. "நாக்கிங்" என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அது நீடித்தால் பிஸ்டனே பழுதாகும்.

எவ்வளவு அதிகமாக அமுக்குகிறதோ, அவ்வளவு அதிகமாகச் சக்தி தரும் எஞ்சின். பந்தயக் காரின் எஞ்சின் அதிகமாக அமுக்கும். டர்போ பொருத்திய எஞ்சின், காற்றைத் திணித்து அமுக்கும். அங்கே பொறுமைசாலிப் பெட்ரோல் வேண்டும். மெதுவாக அமுக்கும் எஞ்சினுக்கு அது வேண்டியதில்லை. வேண்டாத இடத்தில் 93 ஊற்றுவது, நாலு மூட்டை சுமக்க வேண்டிய இடத்துக்கு நாற்பது மூட்டை சுமப்பவரைக் கூலி பேசி அழைத்து வருவது போன்றது. ஆள் பலசாலிதான், மூட்டை நாலுதானே!

"இது உன் வாதம், ஆதாரம் எங்கே?" என்று கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவிலே ஏ.ஏ.ஏ. என்றொரு வாகன ஓட்டிகள் சங்கம். ரெகுலர் போதும் என்று செய்யப்பட்ட வண்டிகளில் பிரிமியத்தை ஊற்றி, 2016-ல் அந்தச் சங்கம் சோதித்தது. நாலு சிலிண்டர் மஸ்தா, ஆறு சிலிண்டர் டாட்ஜ் சார்ஜர், எட்டு சிலிண்டர் டொயோட்டா டண்ட்ரா ஆகிய மூன்று வண்டிகள். சக்தி கூடியதா? மைலேஜ் கூடியதா? புகை குறைந்ததா? சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை! இப்படித் தேவையில்லாமல் பிரிமியம் ஊற்றி அமெரிக்கர்கள் ஓராண்டில் வீணாக்கிய தொகை 210 கோடி டாலருக்கு மேல் என்றும் அந்தச் சங்கம் கணக்கிட்டது.

"அவை சாதாரண வண்டிகள், மஸ்டாங்குக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?" என்று நம் டெட்ராய்ட் தோழன் கேட்பான். நியாயமான கேள்வி. அதற்கும் விடை இருக்கிறது. அடுத்த ஆண்டு, 2017-ல், "பிரிமியம் ஊற்றினால் நல்லது" என்று கம்பெனிகளே சிபாரிசு செய்யும் வண்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். மஸ்டாங் ஜி.டி.யும் அதில் ஒன்று. முடிவு என்ன? சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம் கூடியது. குதிரைத் திறன் 1.4 சதவீதம் கூடியது. குதிரைத் திறனில் எல்லாவற்றையும் விட அதிகமாகக் கூடியது மஸ்டாங்குக்குத்தான். எவ்வளவு? 3.2 சதவீதம்! நூறு குதிரைக்கு மூன்று குதிரை கூடுதல்.

விலையோ அப்போது 20 முதல் 25 சதவீதம் வரை அதிகம். விரலை மடக்கிக் கணக்குப் போடுங்கள். 100 டாலர் ரெகுலரில் முடியும் பயணம். அதே பயணத்தைச் சராசரி வண்டியில் பிரிமியத்தில் முடிக்க, மைலேஜ் இலாபத்தைக் கழித்த பிறகும், 117 முதல் 122 டாலர் வரை வேண்டும். மைலேஜ் மிக அதிகமாகக் கூடிய வண்டி காடிலாக் எஸ்கலேடு, 7.1 சதவீதம். அதிலும் 112 டாலருக்குக் குறையவில்லை. கொடுப்பது இருபது, திரும்புவது இரண்டே முக்கால் கூட இல்லை!

அப்படியானால் பிரிமியமே மோசடி என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஒரு பக்கக் கண்மூடித்தனத்தை விட்டு மறு பக்கக் கண்மூடித்தனத்திலே விழுவது அறிவாளியின் வேலை அல்ல. பெட்ரோல் டாங்கி மூடியின் உட்புறத்தைத் திறந்து பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். "கட்டாயம்" என்பது ஒரு சொல்; "சிபாரிசு" என்பது இன்னொரு சொல். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு.

பிரிமியம் கட்டாயம் என்று எழுதியிருந்தால், போர்ஷே 911 போன்ற வண்டி அது என்றால், பேச்சுக்கு இடமில்லை. பிரிமியமே ஊற்ற வேண்டும். அங்கே ரெகுலரை ஊற்றி மிச்சம் பிடிக்க நினைப்பவர், எண்ணெய்க் காசை மிச்சம் பிடித்து எஞ்சினையே இழக்க நேரிடும். இன்றைய எஞ்சினில் தட்டல் ஒலியைக் கேட்டறியும் சென்சார் உண்டு. ஒலி எழுந்ததும் கம்ப்யூட்டர் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கும். ஆனால் தாமதப்பட்டால் சக்தி குறையும், மைலேஜும் குறையும். அவசரத்துக்கு ஒருநாள் அது காக்கும். அதையே அன்றாட வழக்கமாக்கக் கூடாது. பழுது வந்தால், "சொன்ன பெட்ரோலை ஏன் ஊற்றவில்லை?" என்று கம்பெனி வாரண்டியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளவும் வழி பிறக்கும்.

சிபாரிசு என்று மட்டும் எழுதியிருந்தால், முடிவு உங்கள் கையில். பந்தயப் பாதையில் ஓட்டப் போகிறீர்களா? கொளுத்தும் கோடையில், பாரம் இழுத்து, மேடேறப் போகிறீர்களா? அந்த மூன்று குதிரைக்கு அங்கே வேலை உண்டு, ஊற்றுங்கள் பிரிமியம். வீட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து வீட்டுக்கும் போகிறீர்களா? சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் சாலையில் அந்த மூன்று குதிரையும் உங்களோடு சும்மா நிற்கும். தீனி மட்டும் கேட்கும்!

"பிரிமியம் எஞ்சினைக் கழுவிச் சுத்தம் செய்யுமாமே?" என்பார் சிலர். கேள்விப்பட்ட கதை! எஞ்சினில் கசடு படியாமல் தடுக்கும் மருந்தை எல்லாப் பெட்ரோலிலும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 1995 முதலே கட்டாயமாக்கிவிட்டது. அது போதாது, இன்னும் அதிகம் வேண்டும் என்று கார் கம்பெனிகள் சில கூடி, 2004-ல் "டாப் டையர்" என்றொரு தர முத்திரையை ஏற்படுத்தின. அந்த முத்திரை பெற்ற பங்கிலே ரெகுலருக்கும் அதே மருந்துதான். சுத்தம் வேண்டுமானால் முத்திரையைப் பாருங்கள். எண்ணைப் பார்த்துப் பயனில்லை.

தோழர்களே! இந்த "மேலான பெட்ரோல்" பிறந்த கதையையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், செத்துப்போன தொழிலாளிக்குச் செய்யும் துரோகமாகும்.

1921 டிசம்பரில், டேட்டன் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்திலே, தாமஸ் மிட்ஜ்லி என்பவர் தட்டல் ஒலியை அடக்க ஒரு மருந்து கண்டார். டெட்ராஎதில் லெட். ஈயக் கலவை! ஈயம் நஞ்சு என்பது உலகறிந்த செய்தி. எரிசாராயம் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பதும் அவர்களுக்கே தெரிந்த செய்தி. ஆனாலும் ஈயமே வென்றது. 1923 பிப்ரவரியில் அதே டேட்டனில் விற்பனை தொடங்கியது. விற்ற பெயர் என்ன தெரியுமா? "எதில்"! ஈயம் என்ற சொல்லை நைசாக நழுவவிட்டு, மிச்சத்தைப் பெயராக்கினார்கள். அந்தப் பெயரே பின்னர் அமெரிக்க மக்கள் பேச்சில் உயர்ந்த ரகப் பெட்ரோலுக்குப் பெயராயிற்று.

1924 அக்டோபர். நியூஜெர்சியின் பேவே எண்ணெய் ஆலை. இந்த ஈய மருந்தைத் தயாரித்த கட்டடத்திலே வேலை செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நிலைகுலைந்தார்கள். இல்லாததைக் கண்டு அலறினார்கள். கட்டிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் நிலைக்கு ஆளானார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் படுக்கையில்; ஐந்து பேர் பிணமாக! "பைத்தியப் பெட்ரோல்" என்று ஊரே பேசியது. அந்த மாதம் முடிவதற்குள், பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்த மருந்தைத் தம் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார் மிட்ஜ்லி. அதற்கு முந்திய ஆண்டு ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுத்தவரும் அவரேதான்! 1925-ல் அரசு கூட்டிய மாநாட்டில், ஆலை நோய்களை ஆராய்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் அபாயத்தை எடுத்துச் சொன்னார். காதில் ஏறவில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் முழுவதும் தடைப்பட்டது 1996-ல். இந்தியாவில் ஒழிந்தது 2000-ல். உலகிலே கடைசி நாடாக அல்ஜீரியா கார்களுக்கு அதை விற்பதை நிறுத்தியது 2021-ல். நூறாண்டு, தோழர்களே, நூறாண்டு!

இன்றைய பிரிமியத்தில் ஈயம் இல்லை, அச்சம் வேண்டாம். ஆனால் பாடம் இருக்கிறது. "மேலானது" என்ற பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் வாயை அன்றும் அடைத்தது, இன்றும் அடைக்கிறது. அன்று உயிரைக் கேட்டது. இன்று கூலியைக் கேட்கிறது.

நம் ஊருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. 95 என்றும் 100 என்றும் எண் போட்ட விலை கூடிய பெட்ரோலை நம் நாட்டிலும் காணலாம். 2020 டிசம்பரில் 100 எண் பெட்ரோலை விற்கத் தொடங்கியது இந்தியன் ஆயில். அமெரிக்க எண்ணையும் நம் எண்ணையும் ஒப்பிட்டு மயங்காதீர்கள். அங்கே இரண்டு வகைச் சோதனை எண்களைக் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறார்கள். நம் நாட்டில் "ரிசர்ச்" என்னும் ஒரே எண்ணை எழுதுகிறார்கள். அவர்களுடைய 87, நம் கணக்கில் 91, 92 அளவுக்கு வரும். உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு எந்த எண் வேண்டும் என்பது கையேட்டிலே இருக்கிறது. அதற்குக் குறைவாக ஊற்றாதீர்கள். அதற்கு மேல் ஊற்றி ஏமாறாதீர்கள்.

டெட்ராய்ட் தோழன் இன்னும் பொத்தான் முன்னால் நிற்கிறான். அவன் மஸ்டாங்கின் கையேட்டில் "சிபாரிசு" என்றுதான் இருக்கிறது. "கட்டாயம்" என்று இல்லை. நாளையும் அவன் ஆலைக்குத்தான் போகப் போகிறான். அவன் 87-ஐ அமுக்கலாம். வண்டிக்குக் குறைவில்லை, அவனுக்கும் குறைவில்லை. மிச்சப்படும் டாலர் அவனுடைய வியர்வை. அது அவன் வீட்டுக்கே போகட்டும்!

உயர்ந்தது எது என்று கேட்காதீர்கள். உகந்தது எது என்று கேளுங்கள். பலகையில் எழுதிய பெயரைப் பார்த்துப் பணத்தை நீட்டாதீர்கள். எஞ்சின் கேட்கும் எண்ணைப் பார்த்து எடுத்து நீட்டுங்கள்!