பிகாஸ், பிகாஸ் ஆஃப் வேறுபாடு

ஆங்கிலத்தில் காரணம் கூறும் இவ்விரு இணைப்புச் சொற்களும் ஒரே பொருள் தருவன. ஆனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வராது. பிகாஸ் என்பதன் பின் எழுவாயும் வினையும் வரும்: 'பிகாஸ் இட் ரெய்ன்ட்'. பிகாஸ் ஆஃப் என்பதன் பின் பெயர் வரும்: 'பிகாஸ் ஆஃப் த ரெய்ன்'.

தமிழில் 'மழையால்', 'மழை பெய்ததால்' என இரண்டிலும் 'ஆல்' உருபே நிற்கிறது. 'பெய்தது' என்னும் வினை பெயராகி உருபை ஏற்கிறது. ஆங்கிலத்தில் 'ரெய்ன்ட்' அவ்வாறு ஏற்காது. எனவே 'பிகாஸ் ஆஃப் இட் ரெய்ன்ட்' பிழையாகும். தமிழ் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

விளைவைக் கூற 'ஸோ' பயன்படும். 'பிகாஸ் இட் ரெய்ன்ட், ஸோ வி ஸ்டேட் அட் ஹோம்' என இரண்டையும் சேர்த்து எழுதுவதும் பிழை. ஏதேனும் ஒன்று போதும். 'தேர்ஃபோர்' பெரும்பாலும் எழுத்து நடைக்குரியது. பேச்சில் சற்று விறைப்பாக ஒலிக்கும்.