கதிரவன் காணா நாட்டிற் பொங்கல்

தைப்பொங்கல் ஞாயிற்றுக்கு நன்றி கூறும் நாள். முற்றத்திலே கோலமிட்டு, மூன்று கல் வைத்த அடுப்பிற் புதுப்பானை ஏற்றி, கீழ்த்திசையிற் கதிரவன் எழும் வேளையிற் பால் பொங்கி வழியக் காண்பது யாழ்ப்பாணத்து மரபு. ஆயின், அந்நாளிற் கதிரவனே எழாத ஊரிற் பொங்கலை எங்ஙனம் கொண்டாடுவது?

நோர்வே நாட்டின் வடகோடியில் வாழும் இலங்கைத் தமிழர் முன் நிற்கும் வினா இது. 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் அந்நாட்டை அடைந்த தமிழருட் பலர், பின்மார்க் கரையோரத்து மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை பெற்றனர். வெப்பமண்டலத்தில் வளர்ந்தவர்கள் நீண்ட துருவ இரவை அங்கேதான் முதன்முதலாகக் கண்டனர்.

புவியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்திருத்தலால், வட அகலக்கோடு 66½ பாகைக்கு அப்பாலுள்ள இடங்களில் மாரிகாலத்தில் ஞாயிறு அடிவானத்தின் மேல் வருவதில்லை. வடக்கே செல்லச் செல்ல இவ்விருட்காலம் நீளும். 70 பாகைக்கு வடக்கேயுள்ள ஹம்மர்பெஸ்ட் நகரில், நவம்பர் பிற்பகுதியில் மறையும் கதிரவன் ஜனவரி 20ஆந் திகதியளவிலேதான் மீண்டும் முகங்காட்டும். பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15ஆந் திகதி வந்துவிடும்.

முற்றமெங்கும் பனி மூடியிருக்கையில், பானை சமையலறை அடுப்பிலேயே ஏறவேண்டும். பச்சையரிசியும் பயறும் சர்க்கரையும் கிடைத்துவிடும். ஆயின், “சூரியன் எங்கே?” என்று அங்கு பிறந்த பிள்ளை கேட்டால் யாது விடை கூறுவது?

விடை பஞ்சாங்கத்திலேயே உண்டு. தை முதல் நாளை உத்தராயணத்தின் தொடக்கமென நம் மரபு கொள்ளும். வானியலின்படி ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆந் திகதியாகும். பஞ்சாங்கம் விண்மீன்களைக் கொண்டு மாதங்களைக் கணிப்பதால் இவ்வேறுபாடு நேர்ந்தது. எவ்வாறாயினும், பொங்கலன்று ஞாயிறு மூன்று வாரத்துக்கு மேலாக வடக்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நண்பகலிலே தென்வானம் நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலாகச் சிவப்பதே அதற்குச் சான்று.

அயலவர்க்கும் இவ்வுணர்வு புதிதன்று. துரோம்சோ நகர மக்கள் ஜனவரி 21ஆந் திகதியைச் சூரிய நாளெனக் கொண்டு, இனிப்புப் பணியாரம் உண்டு, மீண்டுவரும் கதிரவனை வரவேற்கின்றனர். யாழ்ப்பாணத்து உழவன் வந்த ஞாயிற்றுக்குப் படைக்கிறான். வடதுருவத்துத் தமிழன் வந்துகொண்டிருக்கும் ஞாயிற்றுக்குப் படைக்கிறான். பிள்ளைக்குச் சொல்லத்தக்க விடை இதுவே.