புகார் மனு யாரிடம் திரும்பிப் போகிறது?



1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப், அரசியலில் சமத்துவம், சமூக வாழ்வில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நாம் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார். அந்த முரண்பாட்டை நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரு காவல் நிலையத்துக்குப் போனால் போதும். வாக்குச்சாவடியில் எல்லா விரலுக்கும் ஒரே மை. ஸ்டேஷன் வாசலில் அப்படி இல்லை. எந்தத் தெரு என்று கேட்ட பிறகுதான் நாற்காலி காட்டப்படுகிறது.

பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம் என்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். ராணுவம், போலீஸ், சிறை, உளவுத்துறை என ஆயுதமும் அடைத்து வைக்கும் அதிகாரமும் கொண்ட அமைப்புகளை மக்களாட்சியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதுதான் அது. நம் அன்றாட வாழ்க்கையில் இவற்றுள் குறுக்கே வருவது போலீஸ். புது வாகனம், புது ஆயுதம், புதுக் கட்டடம் எல்லாம் சீர்திருத்தம் ஆகிவிடாது. போலீஸ் மீதான புகாரை விசாரிப்பவர் யார் என்ற கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது என்பதே அளவுகோல்.

இந்தக் கேள்வி நம் மண்ணில் 170 ஆண்டுகள் பழையது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஆங்கில அரசு அமைத்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. அப்போது நிலவரி வசூலும் போலீஸ் வேலையும் தாசில்தார் என்ற ஒரே கையில் இருந்தன. கிட்டி, அண்ணாந்தாள் என்று நம் மொழிப் பெயர்களோடு அந்த வதைகள் அறிக்கையில் பதிவாகின. ஆனால் தங்களை மிகவும் வருத்தியவற்றுள் ஒன்றாக ஆணையம் குறிப்பிட்டது, அடிபட்டவருக்கு நியாயம் கிடைப்பதில் இருந்த சிரமத்தை. கலெக்டரிடம் மனு கொடுக்கத் தொலைதூரம் போக வேண்டும், கூலி போகும். அப்படியே கொடுத்தாலும் ‘தாசில்தாரிடம் விசாரிக்கவும்’ என்ற குறிப்போடு மனு திரும்பிவிடும். அடித்தவரின் கைக்கே மனு வந்து சேரும்.

அதன் பிறகு 1859இல் சென்னை மாகாணத்துக்கும் 1861இல் இந்தியாவுக்கும் போலீஸ் சட்டங்கள் வந்தன. போலீஸ் தனித் துறையானது. ஆனால் 1861 சட்டம், மாவட்டப் போலீசை மாவட்ட மாஜிஸ்திரேட்டின் பொதுக் கட்டுப்பாட்டிலேயே வைத்தது. துறை இரண்டானாலும் வருவாயும் போலீசும் ஒரே நிர்வாகத்தின் இரு கைகளாகவே தொடர்ந்தன.

அந்த இரு கைகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை வாச்சாத்தி காட்டியது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடி ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்தே நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதற்குள் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்ததோடு, அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மாவட்டத்தில் யாரிடம் முறையிட வேண்டுமோ, அவர்களையே நீதிமன்றம் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. அதற்கு 31 ஆண்டுகள் ஆயின.

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் நமக்கு முக்கியமானது காவல் புகார் ஆணையம். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவராக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. காவல் மரணம், கொடுங்காயம், காவலில் பாலியல் வன்கொடுமை போன்ற புகார்களை நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவர் விசாரிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013ஆம் ஆண்டின் காவல் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். கேரளத்தின் 2011 சட்டத்தில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைவர்களாக இருக்கிறார்கள். நம் சட்டமோ 1855இன் மனுவை மறுபடியும் கலெக்டர் அலுவலகத்துக்கே அனுப்புகிறது.

ஆட்சியர் நல்லவராக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஆட்சியரின் குணம் இங்கே பிரச்சினையில்லை. சட்டம் ஒழுங்கை அன்றாடம் காவல் கண்காணிப்பாளரோடு சேர்ந்து நடத்துபவர் அவர். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்டவர்களாக முதல் தகவல் அறிக்கைகளில் இருந்தவர்கள் துணை வட்டாட்சியர்கள். சேர்ந்து முடிவெடுப்பவர்களே அந்த முடிவை விசாரிக்கவும் முடியாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இந்த வட்டம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பும் அதிகாரியைத் தண்டிக்க அதன் 4ஆம் பிரிவு இருக்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. ஆனால் துறைரீதியான நிர்வாக விசாரணை பரிந்துரைத்தால்தான் அந்தக் குற்றச்சாட்டைப் பதியலாம். சட்டத்தில் பல் இருக்கிறது, கடிக்க அனுமதி வேண்டும்.

வெளியே இருப்பவர் வந்தால் என்ன மாறும் என்பதைச் சாத்தான்குளத்தில் பார்த்தோம். 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் இறந்த பிறகு, மதுரைக் கிளை தானாக முன்வந்து ஒரு நீதித்துறை நடுவரை அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பியது. கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அவர்தான் வெளிப்படுத்தினார். அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் அவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். மேலதிகாரியிடம் அதைச் சொல்லியிருக்க முடியுமா? சுயேச்சையான விசாரணை காவலர்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்பவர்களுக்கு அந்தப் பெண்ணே பதில். இட ஒதுக்கீட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளும் காக்கி போட்டிருக்கிறார்கள். தவறான உத்தரவை மறுக்கும் கீழ்நிலைக் காவலருக்கும் வெளியே ஒரு கதவு வேண்டும்.

வட அயர்லாந்தில் நீண்ட மோதலுக்குப் பிறகு 2000இல் போலீஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் தொடங்கியது. போலீசின் கீழ் வராத புலனாய்வாளர்கள் அங்கே புகார்களை விசாரிக்கிறார்கள். போலீசை நம்பாத சமூகம் ஒன்று இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொண்ட இடத்தில்தான் அது சாத்தியமானது. இங்கே சேரியின் அவநம்பிக்கையை அரசு இன்னும் ஒரு தரவாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நம் பம்மலுக்கு வருவோம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தோம். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறோம். மாவட்டங்களில் குண்டர் சட்டத் தடுப்புக்காவல் உத்தரவை ஆட்சியர் போடுவார். ஆணையரகப் பகுதியில் போலீஸ் ஆணையரே போடலாம். அதிகாரம் கூடியிருக்கிறது. கண்காணிப்பும் அந்த அளவுக்குக் கூட வேண்டும்.

அதற்கு இப்போதே ஒரு வழி இருக்கிறது. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் மேயர் ஒருவருக்கும் இடம் தந்தது. 2022இல் தாம்பரம் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தக் குழுவின் நாற்காலி வெறும் அலங்காரமா என்பதை நாம்தான் கேட்க வேண்டும். குழு எப்போது கூடியது, எந்த நிலையத்தில் எத்தனை கேமரா ஓடுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாணவர்கள் மனுப் போடலாம். அடிபட்டவர் வந்தால் முதலில் மருத்துவமனைக் குறிப்பு, பிறகு மனித உரிமை ஆணையத்துக்கு மனு, அந்த நாளின் கேமரா பதிவை வரவழைக்கக் கோரிக்கை. நாள் தள்ளினால் பதிவு அழிந்துவிடும்.

பெரிய கோரிக்கை ஒன்றே. 2013 சட்டத்தைத் திருத்து. புகார் ஆணையத்தில் ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவராக்கு, தலித், பழங்குடி, பெண் உறுப்பினர்களுக்கு இடம் கொடு, சொந்தப் புலனாய்வாளர்களைக் கொடு. வரும் தேர்தல்களில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும், புகார் மனு யாரிடம் போகும் என்ற இந்தக் கேள்வியை நம் தெருக்களில் வைத்துக் கேட்போம்.