புறவழிச்சாலையும் பிரேக் பேடும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவர்க்கு நாகர்கோவில் பக்கம் போவதென்றால் நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. கரமனையைக் கடந்தால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று கடைத்தெருக்களின் ஊடே ஊர்ந்து செல்லும் சாலை அது. அங்கே எந்த வண்டியும் விரைந்தோட இடமில்லை. ஆதலின் பிரேக்கைப் பற்றி நாமும் அதிகமாகச் சிந்தித்ததில்லை. கழக்கூட்டத்தில் தொடங்கி, சாக்கை, ஈஞ்சக்கல், திருவல்லம், கோவளம் வழியாகத் தமிழக எல்லையருகே காரோடு வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர் செல்லும் நான்குவழிப் புறவழிச்சாலை வந்தபின் நிலைமை வேறாயிற்று. மேலும், நான்குவழித் தேசிய நெடுஞ்சாலைகளில் கார்களுக்குரிய வேக வரம்பை மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 100 ஆகக் கேரள அரசு 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் உயர்த்தியது. பத்தே கிலோமீட்டர்தானே என்று தோன்றும். அந்தப் பத்துக் கிலோமீட்டர் பிரேக்கின் மேல் ஏற்றும் சுமை எவ்வளவு, அதைத் தாங்கக்கூடிய பேடு எது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தைப் போல வளர்வதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் போல வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 90 கிலோமீட்டர் 100 ஆனால் வேகம் ஒன்பதில் ஒரு பங்குதான் கூடுகிறது. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிறக்கும் வெப்பத்தைக் கொண்டு ஒன்றரை லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நம் வீட்டு அடுப்பில் அதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். பிரேக் அதை நான்கைந்து நொடிகளில் செய்து முடிக்கிறது. அதிலும் பெரும் பங்கு முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதே காரணம்.

இந்த வெப்பம் முழுவதும் பிறக்கும் இடம், சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்க்கும் அதை இரு புறமும் கவ்விப் பிடிக்கும் பேடும் உராயும் இடமாகும். பேடு என்பது ஓர் எஃகுத் தகட்டின் மேல் ஒட்டப்பட்ட உராய்வுக் கலவை. இழைகள், உலோகத் தூள், கிராஃபைட் முதலிய பலவற்றைச் சேர்த்து, ஒருவகைப் பிசினால் பிணைத்து, அழுத்திச் சுட்டு எடுக்கிறார்கள். முற்காலத்தில் கல்நார் இதில் முக்கியப் பொருளாக இருந்தது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிந்தபின் உலகின் பல நாடுகள் அதை விலக்கிவிட்டன.

பேடின் பலவீனம் அதன் பிசினில் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் பிசின் சிதைந்து வாயுவாக வெளிப்படும். அவ்வாயு டிஸ்க்குக்கும் பேடுக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று பிடிப்பைக் குலைக்கும். காலின்கீழ் பெடல் உறுதியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. முதல் முறை நன்றாகப் பிடித்த பிரேக் ஐந்தாம் முறை, ஆறாம் முறை தளர்வதற்கு இதுவே காரணம். மெக்கானிக்குகள் இதை ‘ஃபேடு’ என்பர். நல்ல பேடு வாங்கினால் வண்டி பாதித் தூரத்தில் நின்றுவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வீண் ஆசை. சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு, அல்லது ஏ.பி.எஸ். குறுக்கிடும் அளவுக்குப் பிரேக் ஏற்கெனவே பிடிக்குமானால், நிற்கும் தூரத்தை அதற்கு மேல் தீர்மானிப்பது டயரும் தரையுமே. உலர்ந்த சாலையில் ஓட்டுநர் விழித்துக் காலை வைக்க ஒரு நொடி ஆகுமென்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் 36 மீட்டர் அளவில் நிற்கும் கார், 100 கிலோமீட்டர் வேகத்தில் 80 மீட்டருக்கும் மேலே போய்த்தான் நிற்கும். எந்தப் பேடும் இக்கணக்கை மாற்றாது. உயர்ந்த பேடு செய்யும் உபகாரம் வேறு: பத்தாவது நிறுத்தமும் முதல் நிறுத்தத்தைப் போலவே இருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் பந்தய வண்டிகளின் பேடையே வாங்கிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. டிஸ்க் பிரேக்கின் பெருமையை உலகுக்குக் காட்டியது பந்தயம்தான் என்பது உண்மை. 1953ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குகளோடு ஓடி வென்றது. ஆயினும் பந்தயப் பேடு சூடேறிய பின்னரே வேலை செய்யப் பிறந்தது. குளிர்ந்த நிலையில் அதன் பிடிப்பு மந்தம். புறவழிச்சாலையில் இருபது நிமிடம் பிரேக்கைத் தொடாமலே ஓடிவந்து, திருவல்லம் அருகே ஒரு ஸ்கூட்டர் திடீரென்று குறுக்கே திரும்பும்போது, நமக்கு வேண்டியது முதல் மிதிப்பிலேயே பிடிக்கும் பேடு. அதிலும் எடவப்பாதி மழையில் நனைந்து குளிர்ந்த டிஸ்க்கின்மேல் பிடிக்கும் பேடு. அந்த ஒரு கணத்தில் பந்தயப் பேடு நம்மைக் கைவிட்டுவிடும். தவிர, டிஸ்க்கையும் அது விரைவில் தின்றுவிடும்.

கடையில் கிடைப்பவற்றை மூன்று இனமாகக் கொள்ளலாம். உலோகம் மிகக் குறைந்த ஆர்கானிக் வகை மென்மையானது, ஓசையற்றது, நகருக்குள் ஓட்டுவதற்கு உகந்தது. கடும் வெப்பத்தில் முதலில் தளர்வதும் அதுவே. உலோகம் மிகுந்த வகை வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் கிறீச்சிடும், கரிய தூசியைச் சக்கரமெங்கும் அப்பும். செராமிக் வகை தூசியும் ஓசையும் குறைந்தது, விலை கூடியது. நாள்தோறும் நகரிலும் வாரந்தோறும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுபவர்க்கு, அவ்வண்டிக்கென உற்பத்தியாளர் விதித்த தரத்துக்குக் குறையாத நல்ல செராமிக் பேடோ, உலோகம் அளவாகச் சேர்ந்த பேடோ போதும் என்பது நம் கருத்து.

பேடின் பெட்டியில் அச்சிட்ட புகழுரைகளை விட, பேடின் விளிம்பிலோ முதுகிலோ பொறித்த இரண்டு ஆங்கில எழுத்துகள் நமக்கு அதிகம் சொல்லும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வையும், இரண்டாவது மிகுந்த வெப்பத்தில் உள்ள உராய்வையும் குறிக்கும். ‘ஈ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப்எஃப்’ என்றிருந்தால் சூட்டிலும் அதே வரிசையில் நிற்கிறது என்று பொருள். ‘எஃப்ஈ’ என்றிருந்தால் சூடேறும்போது ஒரு படி இறங்குகிறது. வேகமாக ஓட்டுபவர் அதைத் தவிர்ப்பது நலம். எல்லா உற்பத்தியாளரும் இவ்வெழுத்துகளைப் பொறிப்பதில்லை. எழுத்தும் முழு நற்சான்று ஆகாது. ஒரு சிறு துண்டைச் சோதித்துப் பெற்ற அளவே அது, பேடு எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது. ‘ஆர் 90’ என்னும் ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை இன்னும் நம்பத்தக்கது. மாற்றுப் பேடின் செயல், வண்டியோடு வந்த பேடின் செயலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அதன் விதி.

போலிச் சரக்கு எங்கும் உண்டு. இத்தனைக்கும் இத்தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னையை அடுத்த பாடியில் வேரூன்றிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இலேயே தொடங்கப்பட்டது. பெயர் பெற்ற பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டியில் மட்டமான பேடு வரும்போது, பாதி விலை என்பதே முதல் எச்சரிக்கை. உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குவதே தக்கது. பம்பாயிலும் பெங்களூரிலும் உள்ள நம்மவர்க்கும் இதுவே வழி.

பேடு எத்துணை உயர்ந்ததாயினும் பிரேக் ஆயில் பழுதானால் பயனில்லை. பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஆயிரம் மீட்டர் உயரத்தைப் பிரேக்கை நம்பியே ஒரு கார் இறங்குமானால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பம் உண்டாகும். அவ்வெப்பம் பேடின் வழியே ஊடுருவி ஆயிலைச் சுடும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. கடலோர நகரமான திருவனந்தபுரத்தின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ‘டாட் 4’ என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த எல்லை 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். பெடல் ஒன்றையும் தள்ளாமல் தரையைத் தொடும். ஆதலின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே அழுத்திக்கொண்டிராமல் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதை இக்காலத்து ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்போரும் கேட்டுக்கொள்ளலாம். அவ்வண்டிகளிலும் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

பேடின் கலவை 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் மாற்றிவிடுவது முறை. மாற்றும்போது ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு புறமாக இழுக்கும். பிடிப்பு மிகுந்த பேடைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் போடுவது அதினும் கேடு. பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடக்கூடும். டிஸ்க்கின் மிகக் குறைந்த கனம் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்கை அதை அளந்து சொல்லும்படி நாம் கேட்கலாம். அதற்கு அவர் கோபிக்கமாட்டார்.

வேலை முடிந்து வண்டியைக் கையில் வாங்கியதும், நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்து அது உறுதியாகும் வரை பார்க்க வேண்டும். பேடு மாற்றும்போது காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். முதல் மிதிப்பு வெறுமையாகவே இறங்கும். பின்னர், போக்குவரத்து இல்லாத நேரத்தில் நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு, முற்றிலும் நிறுத்தாமல், பத்து முறை அளவாகத் தணித்து, அதன்பின் பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிவது இப்படித்தான். அது வரை முழுப் பிடிப்பை எதிர்பார்க்க முடியாது. ஆகவே பொங்கலுக்கு ஊர் செல்வோர் புறப்படும் நாளன்று காலையில் பேடு மாற்றிக்கொண்டு நேரே நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். ஒரு வாரம் முன்பே மாற்றி நகருக்குள் ஓட்டிப் பழக்கிவிடுங்கள்.