ரியோவின் தேடல்

'ஷென்மூ' வீடியோ கேம் ஜப்பானில் வெளிவந்தது 1999-இல். தந்தையைக் கொன்றவனைத் தேடும் யொகோசுகா இளைஞன் ரியோவின் கதை. பெய்யும் பனி, மிட்டாய்க் கடைப் பாட்டி என அந்த ஊரையே ரசிகர்கள் தம் ஊராக்கிக்கொண்டார்கள். 2001-இல் வந்த இரண்டாம் பாகம் பாதிக் கதையில் நின்றது. பிறகு நெடிய மௌனம்.

2015-இல் விளையாட்டை உருவாக்கிய யூ சுசுகி மூன்றாம் பாகத்தை அறிவித்தபோது, 69,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் 63 லட்சம் டாலர் திரட்டித் தந்தார்கள். எத்தனை பெரிய அன்பு! பழைய வாசம் போய்விடுமோ, மாறாமலே வந்தால் இந்தக் காலத்தில் எடுபடுமோ என்ற தவிப்பும் கூடவே இருந்தது. 2019-இல் விளையாட்டு வந்தது. கொலையாளி பிடிபடவில்லை. நான்காம் பாகத்துக்காக இன்னும் காத்திருக்கிறார்கள்.